கதவக்கா ஸ்டியரிங் பிடித்த கதை

பள்ளிக்கூட வேனில் கதவுப் பக்கம் உட்காருகிறவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஓட்டுகிற ஆளுக்குத்தான் பெற்றோர்கள் கை காட்டுவார்கள், தாமதமானால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அப்படிப் பல வருஷம் எனக்குக் கை காட்டினார்கள். வேன் என்னுடையது, கடனில் வாங்கியது. கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் சிநேகிதி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கதவக்கா. அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

அவள் வேலையைப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நிறுத்தம் வந்ததும் இறங்குவாள், பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்றுவாள், தானும் படியில் ஏறிக் கையை நீட்டிக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டு விழாமல் நான் வண்டியை நகர்த்தியதில்லை. இறக்கிவிடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே பாட்டு: "பைய எடுத்தியா? தண்ணி பாட்டில் எடுத்தியா? பாத்து இறங்கு." எல்லோரும் இறங்கிய பிறகு முதல் சீட்டிலிருந்து கடைசி சீட் வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போவாள். ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிப்போய் உள்ளேயே கிடந்தால்?

"எல்லாம் இறங்கிடுச்சுடி, நான் எண்ணிட்டேன்" என்று கத்துவேன்.

"நீ எண்ணிக்கோ. நான் பாக்கணும்" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அவளுக்கோ அதைத் தவிர வேறு சொத்து கிடையாது. அத்தோடு பயம் ஒரு மூட்டை. நான் ஒரு லாரியை முந்தினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஹாரன் அடித்தால், "பாவம், அவங்க போகட்டுமே" என்று எனக்கு உபதேசம் செய்வாள்.

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்ட அன்றைக்கே அவளிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும், "வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள். "சாயங்காலம் போலாம்டி" என்றதற்குக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பரிசோதனை முடிவில் புற்றுநோய் என்று வந்தது. ஒரு பக்க மார்பை எடுக்க வேண்டும், பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ ஊசி, அதற்குப் பிறகு கதிர் சிகிச்சை என்றார் டாக்டரம்மா. "முழுசா முடிச்சா நல்ல பலன் இருக்கு. பாதியில மட்டும் விட்டுடாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஏனோ கதவக்காவையும் ஒரு முறை பார்த்தார்.

ஆபரேஷன் கைவசம் இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் வீட்டுக்காரர் மர மில்லில் வேலை செய்கிறார். அவர் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். வண்டிக் கடனுக்கும் இனி வரப்போகிற ஊசிகளுக்கும் வேன் ஓடினால்தான் காசு. ஆனால் ஓட்ட என்னால் முடியாது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்ததால் அந்தப் பக்கக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கியர் போடுகிற கையும் அதுதான். தையல் போட்ட இடத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் டப்பாவும் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதைத் தோளில் தொங்கவிடக் கதவக்கா ஒரு பை தைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் எங்கள் வேன் சீட் உறையில் மிச்சமிருந்த நீலத் துணி.

"பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கேன்டி" என்றேன். அவள் சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதாள். எனக்குத் தெரியும், பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, கழுவப் பாத்திரமே இல்லை.

ஒரு டிரைவரைச் சம்பளத்துக்குப் போட்டோம். அவருக்குக் கூலி, டீசல் போக மிஞ்சியது நாக்கு வழிக்கக்கூடக் காணாது. அந்த ஆள் இரண்டு தட்டுக்கு முன்பே வண்டியை எடுப்பார். ஒரு தடவை கதவக்காவையே ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். அடுத்த பருவத்துக்குள் நல்ல ஓட்டுநர் வரவில்லையென்றால் இந்தத் தடத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மோப்பம் பிடித்த மாதிரி ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்து, அடிமாட்டு விலைக்கு வேனைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பாவம், பயந்த மனுஷன். "குடுத்துடலாமா? உன் உயிரவிட வண்டி பெருசா?" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த கதவக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வித்தா ரெண்டு ஊசி போடலாம். மிச்ச ஊசிக்கு எத விப்பீங்க? வண்டிய நான் ஓட்டுறேன்."

புரோக்கர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். நான் அடக்கவெல்லாம் இல்லை, தையல் வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டு. அங்கேதான் பாடம். அவள் ஸ்டியரிங்கில், நான் கதவுப் பக்கம், தலையில் துணி, மடியில் வாந்தி எடுக்க ஒரு பை. ஊசி போட்ட வாரத்தில் பாதி நேரம் பையைப் பார்த்தேன், மீதி நேரம் கத்தினேன்.

"கிளட்ச்சு! கிளட்ச்சுடி! அது காலா, உலக்கையா?"

"கத்தாத. நீ கத்தினா எனக்குக் கண்ணு மூடிக்குது."

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டினா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஆபரேஷன்தான்!"

வண்டி குதிக்கும், நிற்கும், மறுபடி குதிக்கும். பாடம் முடிந்ததும் என்னை வேன் பக்கவாட்டில் நிறுத்தி, விரல்களால் தகரத்தில் படிப்படியாக மேலே ஏறச் சொல்வாள். கைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது, வீட்டுச் சுவரில் செய்ய வேண்டியது. விரல் எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவாள். நான் அவளைத் திட்டி ஓட்டப் பழக்கினேன், அவள் என்னைத் திட்டாமலே கையைத் தூக்கப் பழக்கினாள். யார் நல்ல வாத்தியார் என்பது எனக்கே தெரியும், வெளியே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேன் கட்டணத்தில் பாக்கி நிறைய நின்றது. நான் கேட்டால் சண்டையாகிவிடும் என்று அவள் போனாள். வாயில்லாப் பூச்சி என்ன வாங்கிவரப் போகிறது என்று நினைத்தேன். ஒரு அம்மா, "அடுத்த வாரம் தரேன்க்கா" என்றாராம்.

"அடுத்த வாரம் என் ஃபிரெண்டுக்கு ஊசிம்மா. ஊசிகிட்ட அடுத்த வாரம் வான்னு சொல்ல முடியுமா?"

அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு அவரே நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உதவி செய்கிறோம் என்று வந்தார். கதவக்கா கும்பிட்டுச் சொன்னாள்: "இனாம் வேணாம்மா. பாக்கியக் குடுங்க, இனிமே தேதி தவறாமக் குடுங்க. அது போதும்." கொடுத்தார்கள். அன்றைக்கு நான் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். யாருக்கும் கை நீட்டாமல் என் ஊசிக்கு என் வண்டி சம்பாதிக்கிறது என்கிற நினைப்பு, கஞ்சியைவிடத் தெம்பாக இருந்தது.

லைசென்ஸ் சோதனைக்கு நானும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் ஓட்டினாள். திரும்பினாள், பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். நான் பெருமையில் காவலாளியிடமெல்லாம், "நம்ம ஆளு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ஓரமா நிறுத்துங்க" என்றார் அதிகாரி. நிறுத்தினாள். அடுத்த நொடி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்ட்பிரேக்கும் போடாமல், குதித்து இறங்கிச் சுற்றி ஓடி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள்!

"என்னம்மா இது?"

"பழக்கம் சார். பாத்து இறங்குங்க."

வண்டி மெல்ல உருள ஆரம்பித்தது. அவர் எட்டி பிரேக்கைப் போட்டுவிட்டு, ஃபெயில் என்று எழுதிவிட்டுப் போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது.

மறுமுறை அதே அதிகாரி. "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், என்ஜினை அணைத்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பை அடக்கியவளுக்கு வாயை அடக்க முடியவில்லை. "எல்லாம் எடுத்துட்டீங்களா சார்? பாத்து இறங்குங்க" என்றாள். இறங்கப்போனவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்ணாடி சீட்டில் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு சிரித்தார். பாஸ் போட்டது கண்ணாடிக்காக இல்லை, அவள் ஓட்டினதுக்காகத்தான். இதை நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்த பருவம் தொடங்கியபோது எங்கள் தடம் எங்களிடமே இருந்தது. என் கை சரியாகிற வரை கதவு வேலைக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தியைப் போட்டோம். சாலையில் எல்லா வண்டியும் எங்கள் வேனை முந்தும், கதவக்கா ஒன்றையும் முந்த மாட்டாள். ஆனால் ஒரு பெற்றோரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது ஊசிக்கு நான் போக மாட்டேன் என்றேன். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, உள்ளங்கால் எரிந்தது. செலவு வேறு கழுத்தை நெரித்தது. போதும், வருவது வரட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். வெளியே வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. ஹாரன் அடிப்பதே பாவம் என்று நினைக்கிறவள், கையை எடுக்காமல் அடித்தாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மானம் போகிறதே என்று நான் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன்.

"நிறுத்துடி! என்ன வேணும் உனக்கு?"

"ஏறு" என்றாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீ ஏறுற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். உன்ன ஆஸ்பத்திரில விட்டுட்டுப் பிள்ளைங்கள கூப்பிடப் போகணும், லேட்டாகுது."

ஏறினேன். ஐந்தாவதும் முடிந்தது, ஆறாவதும் முடிந்தது. கதிர் சிகிச்சைக்குத் தினமும் போக வேண்டும். அவள்தான் கொண்டுபோய் விட்டாள், அவள்தான் கூட்டிவந்தாள். நடுவில் வண்டிக் கடனும் ஒரு மாதம் தவறவில்லை.

கடைசி நாள் சிகிச்சை மாலையில் முடிந்தது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத் தனியாக வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். உடம்பு அசந்துபோயிருந்தது. நீட்டிப் படுக்கலாம் என்று கடைசி சீட்டுக்குப் போனேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு உலுக்கல் இல்லை. தூங்கிப்போனேன்.

விழித்தபோது வண்டி எங்கள் ஷெட்டில் நின்றிருந்தது. முன்பக்கத்திலிருந்து காலடிச் சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கதவக்கா முதல் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடுத்த சீட். அதற்கடுத்த சீட். அப்படியே வந்து என் முன்னால் நின்றாள்.

"எந்திரி. வீடு வந்தாச்சு."

"வண்டில இருந்ததே நான் ஒருத்திதான். எதுக்குடி எல்லா சீட்டுக்கும் அடியில பாத்த?"

"பாக்கணும்ல" என்றாள். பிறகு, "பைய எடுத்தியா? தண்ணி பாட்டில் எடுத்தியா?"

பிள்ளைகள் மாதிரியே பையையும் பாட்டிலையும் தூக்கிக் காட்டினேன். அவள் இறங்கிக் கதவைத் திறந்து கையைக் கொடுத்தாள். "பாத்து இறங்கு" என்றாள்.

இறங்கினேன். பக்கவாட்டுத் தகரத்தில் அவள் போட்ட சாக்பீஸ் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கையைத் தூக்கினேன். இழுத்தது, வலித்தது, ஆனால் எட்டியது. கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப வர்ற வாரத்துலேருந்து ஸ்டியரிங் உனக்குத்தான்."

"சாயங்காலம் நான் ஓட்டுறேன். காலைல நீயே ஓட்டு, நான் கதவு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள், வேலைக்கு ஆள் எடுக்கிற முதலாளி மாதிரி.

"சரி. ஆனா எண்ணிட்டேன்னு எல்லாம் சொல்லக் கூடாது. கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பாக்கணும்."