மனுவேல் அண்ணன் ஏற்றுக்கொண்ட பிழை

கிரானில் ஒரு வயல்வட்டையில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனுவேல் அண்ணனின் மனைவி மாக்கிரெட் அக்கா போனில் அழைத்தார். “தம்பி, அவர் போயிட்டாரு. தேத்தண்ணி கேட்டாரு. நான் கொண்டு வாறத்துக்குள்ள...” கிறீஸ் படிந்த கையோடு வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனுவேல் அண்ணனை உங்களில் பலர் ஆஸ்பத்திரிக் கருவிகளைத் திருத்தியவராகத்தான் அறிவீர்கள். எனக்கு அவர் கூட்டாளி. அவர் ஓய்வுபெற்ற வருடம் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய மில்லிங் மெசினைப் பழையதாக வாங்கினோம். சுழலும் கத்தியால் உலோகத்தைச் சீவுகிற மெசின் அது. வாவிக் கரையில் இருந்த அவர் வீட்டின் பின்பக்க அறையில் அதை இறக்கி வைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மட்டும் தலையைச் சொறிந்தார். “மெசின் வந்தது பாதிதான் தம்பி. கத்தி, பிடி, அளவுச் சாமான் எல்லாம் இனித்தான் வாங்கோணும். கையிலயோ ஒண்டும் இல்ல.”

பொன்னிறம் பூசிய இருபது கத்திகள் கொண்ட மலிவான பெட்டி ஒன்றை நான் போனில் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் வேலைக் கொப்பியைக் கேட்டார். ஒரு வருடத்தில் நான் வெளியே கொடுத்துச் செய்வித்த வேலைகளை ஒவ்வொன்றாக வாசித்து, எதற்கு எந்த அளவுக் கத்தி வேண்டும் என்று கோடு போட்டார். முடிவில் நான்கு அளவுகளிலேயே முக்கால்வாசி வேலையும் அடங்கிவிட்டது. அந்த நான்கையும் நல்லதாக வாங்கினோம். மிச்சக் காசு முழுவதும் வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குப் போனது. இன்னும் கடினமான கார்பைட் கத்தி வேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது, “நம்மட மெசின் நடுங்கும். நடுங்கினா அது பல்லுக் கொட்டிடும். சாதா உருக்குக் கத்தி பொறுத்துக்கொள்ளும், மழுங்கினாத் தீட்டவும் ஏலும்” என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பொன்னிறப் பெட்டியை அவருக்குத் தெரியாமல் தருவித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, வாழைச்சேனையிலிருந்து கனகராசா என்ற மீனவர் தன் படகு எஞ்சினின் தண்ணீர்ப் பம்பு மூடியைக் கொண்டு வந்தார். பித்தளை மூடி. மணல் அரித்திருந்த அதன் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். மறுநாள் கடலுக்குப் போகவேண்டிய அவசரம் அவருக்கு. மனுவேல் அண்ணன் கோயிலில் பூசைக்குப் போயிருந்தார். நான் புதுப் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து மாட்டினேன். பாதி ஓட்டத்தில் கத்தி பிடியிலிருந்து நழுவிக் கீழே இறங்கி, மூடியைக் குழியாகத் தோண்டியது. மெசினை நிறுத்துவதற்குள் மூடி வெடித்துப் பிளந்துவிட்டது.

அண்ணன் வந்தபோது நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவர் கத்தியைக் கழற்றி, அதன் தண்டை மைக்ரோமீட்டரால் அளந்தார். பெட்டியில் எழுதியிருந்ததை விட மெலிவு. பிடி இறுகியிருக்கவே முடியாது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கனகராசா காத்திருந்த வாசலுக்குப் போனார்.

“கனகராசா, பிழை நடந்துபோச்சு. நேற்று மெசின்ல கத்தியப் பூட்டினது நான். சரியா இறுக்கல்ல. புது மூடி ஒண்டு செய்து தாறன். ரெண்டு நாள் பொறுங்க.”

“ரெண்டு நாளா? நான் என்னத்தத் தின்னுற ஐயா?” என்று கனகராசா கத்தினார். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் அவர் பின்னால் நின்றேன். பிழை என்னுடையது என்று முன்னால் வந்து சொல்லவில்லை.

எங்கள் மெசினுக்கு ஒரு துணைக்கருவி செய்வதற்காக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பித்தளைத் தகட்டை வெட்டி, இரண்டு நாளில் புது மூடி செய்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எனக்குப் பென்சன் வருது. உங்களுக்கு இதுதானே சோறு. உங்கட கையில பிழையெண்டு ஊருக்குள்ள கதை போனா ஆர் வேல தருவாங்க?”

அந்தப் பெட்டியை அவர் வீசச் சொல்லவில்லை. இருபதையும் அளந்து, ஏழு கத்திகளை நல்லதென்று எடுத்து வைத்தார். “மலிவானது எல்லாம் கூடாதெண்டில்ல. அளந்து பாக்காம மாட்டினதுதான் பிழை” என்றார். என்னைக் கடிந்து அவர் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு கனகராசா வரும்போதெல்லாம், “ஐயா, இந்த முறையாவது கண்ணாடியப் போட்டுட்டு இறுக்குங்க” என்று பகிடி பண்ணுவார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

அடக்கம் முடிந்து, கல்லறைகள் சூழ்ந்த சேமக்காலையின் வாசலில் நின்றபோது கனகராசா அதே பகிடியைக் கண்ணீரோடு சொன்னார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். “அப்ப இவ்வளவு காலமும் சும்மா கிடந்த மனிசனையா நான் நக்கலடிச்சன்?” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மெசினில் என் பங்கு போக மற்றப் பாதியையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மாக்கிரெட் அக்கா. அதை விலைக்குத்தான் எடுப்பேன். அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது, பிழை நடந்தால் உடனே வாசலுக்குப் போய்ச் சொல்கிற அந்தத் துணிவைத்தான். சென்ற கிழமை ஓட்டமாவடிக்காரர் ஒருவருடைய இரும்புத் தண்டில் காடிப் பள்ளத்தைத் தவறான இடத்தில் வெட்டிவிட்டேன். வெளியே போய் அவரிடம் சொல்வதற்குள் இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். செய்த பிழையைச் சொல்லவே எனக்கு இவ்வளவு பாடு. செய்யாத பிழையை அண்ணன் எப்படித்தான் சொன்னாரோ!