ஐந்தாவது ஆள்

எழுபதுகளின் நடுவில், கல்கத்தாவில் டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. கூட்டங்களில் பேசுவதைக் குறிப்பெடுத்து, மினிட்ஸ் புத்தகத்தில் கையால் எழுதி வைப்பதும் என் வேலைதான்.

குடும்பக் கம்பெனி அது. முதலாளி, அவர் தம்பி, மருமகன், பம்பாயில் ஒரு சித்தப்பா, படுத்த படுக்கையாக ஒரு அத்தை. பங்குதாரர்கள் ஏழு பேராவது இருந்தாக வேண்டும் என்பதற்காக அக்கவுண்டன்ட் பேரிலும் என் பேரிலும் ஒவ்வொரு ஷேர் போட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பொதுக்கூட்டம் நடக்க ஐந்து பேர் நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் கோரம். சித்தப்பா வரமாட்டார், அத்தையால் முடியாது. ஆகவே ஐந்தாவது ஆள் எப்போதும் நான்.

கிடர்பூரில் இருந்த பெயின்ட் ஆலையை மூடி விற்றுவிடுவதென்று ஒரு தீர்மானம் வந்தது. நோட்டீஸை டைப் அடித்ததும் நானே. என் அண்ணா அந்த ஆலையில் டைம்கீப்பர். அப்பா போன பிறகு என்னைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து ஷார்ட்ஹேண்ட் படிக்க வைத்தவன்.

கூட்டத்தன்று பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, டைப்ரைட்டர் ரிப்பன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். பெரிய தபாலாபீஸ் படியில் நின்றுகொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்குத் திரும்பினேன். செக்ரட்டரி பாலக்காட்டுக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார், கோபிக்கவில்லை.

"எழுதிக்கோ. அரை மணி காத்திருந்தும் கோரம் சேரலை. அடுத்த வாரம் இதே கிழமை, இதே நேரம், இதே இடம்."

சாயங்காலம் அண்ணாவிடம் சொன்னேன். "நீ இல்லேன்னா நடக்காதா? நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மறுநாள் அவன் சொல்லி ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. கரியாஹாட் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மூன்று தொழிலாளர்கள் சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்கள். அவர்களில் வயதானவர் என்னை அக்கா முறை வைத்து "தீதி" என்று கூப்பிட்டு, கைகூப்பினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமும் எழுந்து போனேன். இந்தத் தடவை தூரம் போகவில்லை, கீழே டிபன் அறையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தேடி வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மாடிக்குப் போனால் முதலாளியும் தம்பியும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

செக்ரட்டரி தனியாக இருந்தார். "தீர்மானம் பாஸ் ஆயிடுத்தும்மா."

"நாலு பேர்தானே சார் இருந்தா?"

"ஒத்திவச்ச கூட்டத்துக்கு அஞ்சு பேர் வேண்டாம். அரை மணி பார்க்கணும், அப்புறம் வந்தவாளே கோரம். கம்பெனி விதிகள்லயே இருக்கு. நீதானே டைப் பண்ணினே?"

ஆமாம். மூன்று தடவை டைப் அடித்திருக்கிறேன். கமா விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறேன். படித்ததில்லை.

அவரே மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். கையெழுத்து கோணவில்லை, அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஆலை மூடியது. அந்த மூன்று பேரில் ஒருவரை ஒருநாள் டிராமில் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாவுக்கு வேறு வேலை அமையவில்லை. பகலெல்லாம் படுத்திருப்பான்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், "என் மேல கோபமா அண்ணா?"

"கோபமெல்லாம் இல்லை. நீ அன்னிக்கு உட்கார்ந்திருந்தா ஆலை போச்சுன்னு ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆலையை மூட முடியாதுன்னு அவங்ககிட்ட நான் சொல்லியிருக்க மாட்டேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். அன்றைக்கும் ஒரு கூட்டம் இருந்தது.