கை நடுக்கம் என்று எழுதினார்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் மீனக்கா. பதினேழு வருடமாகக் கெண்டை மீனின் கண்ணிலிருந்து விழித்திரையை உரித்தெடுப்பது அவள் வேலை. மங்கிய சிவப்பு விளக்கில், அந்த மெல்லிய சவ்வை ஒரு கிழிசல் இல்லாமல் எடுத்துத் தருவாள். ஆராய்ச்சி மாணவி அதிலுள்ள செல்களைப் பிரித்து, கண்ணாடி ஊசியை ஒட்டி மின்னோட்டத்தை அளப்பாள்.

இருட்டில் உடல் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் கண்ணின் செல்களை என்ன செய்கிறது என்பது பேராசிரியரின் கேள்வி. கிளைசின் என்பது ஒரு செல் இன்னொன்றை அடங்கச் சொல்லும் ரசாயனம். மெலடோனின் பட்டதும் கிளைசினை வாங்கும் ஏற்பிகள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், மின்னோட்டம் கூடும் என்று எதிர்பார்த்தார். பாதி செல்களில் கூடியது. மீதியில் மாற்றமே இல்லை.

பழிக்கு ஒரு ஆள் வேண்டுமே. அக்காவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, செல் நசுங்குகிறது என்று பேராசிரியர் முடிவுகட்டினார். இந்த வருடம் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம் என்று அந்தக் காரணத்தையே எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர், அந்தக் கையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

பதிவேட்டில் தேதி, செல் எண், ஹார்மோன் அளவு எல்லாம் உண்டு. மீன் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்ற கட்டம் மட்டும் கிடையாது. தீனி போடுகிற மீனக்காவின் குறிப்பில் அது இருந்தது. ஜன்னலோரத் தொட்டியில் மீன் குறையும்போதெல்லாம் இருட்டறைத் தொட்டியிலிருந்து பிடித்திருந்தாள். தேதிகளை ஒத்துப் பார்த்தாள். மாற்றம் காட்டாத செல்கள் அத்தனையும் இருட்டறை மீன்களுடையவை.

"பாப்பா, அதுங்க ஏற்கெனவே அந்த ஹார்மோன்லயே ஊறிக் கிடக்குதுங்க. வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு இன்னொரு கரண்டி வச்சா என்ன தெரியும்?" என்றாள் மாணவியிடம்.

மாணவி ஜன்னலோர மீன்களை மட்டும் அளந்தாள். ஒன்பது செல்லில் ஒன்பதிலும் மின்னோட்டம் கூடியது. உரித்தது அதே கைதான். பேராசிரியர் மகிழ்ந்துபோய்க் கட்டுரையில் தொட்டிகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். யார் கண்டுபிடித்தது என்று அதில் இல்லை.

வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. மீனக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை, காரணத்தை மட்டும் மாற்றச் சொன்னாள். கை நடுங்குகிறவளை எந்த ஆய்வுக்கூடம் எடுக்கும்?

"லெட்டர் போயிடுச்சும்மா. இப்ப மாத்தினா நான் தப்பா எழுதினேன்னு ஆயிடும்."

"தப்பாத்தானே சார் எழுதினீங்க."

மாணவி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

அடுத்த மாதம் வேறொரு ஆய்வுக்கூடத்தில் நேர்காணல். பழைய அலுவலகம் அனுப்பிய கடிதம் அதிகாரியின் முன்னால் இருந்தது. மீனக்கா இரு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, நீங்களே பாருங்கள் என்றாள். அவர் கடிதத்தின் இரண்டாவது வரியை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.