விருந்தாளிகளுக்காக ஒரு மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக்கக்கா என்றால் போதும். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவள் கால் முந்திக்கொள்ளும். வாயும் அப்படித்தான். "ரோடு என்ன உங்க மாமனார் எழுதிக் கொடுத்ததா? ஓரமாப் போங்க சார்" என்று வங்கி மேலாளரையே கேட்டவள்.

யாருக்கும் அடங்காதவள் என்பார்கள் சொந்தக்காரர்கள். தங்கை செத்த பிறகுதான் இப்படி ஆனாள் என்றும் சொல்வார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தங்கைக்குக் குளிர்நடுக்கம் கண்டது. பால் கட்டியிருக்கும், அசதியாயிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்திருந்தது. கர்ப்பப்பையில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறி உடம்பையே கவிழ்த்துவிட்டது, அதற்குப் பெயர் செப்சிஸ், முன்னாலேயே வந்திருந்தால் மருந்து இருந்தது என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். துக்கத்துக்கு வந்த பெரியப்பா, "எல்லாம் விதிம்மா" என்று ஆரம்பித்தார்.

"விதி எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குது பெரியப்பா? சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வரேன்."

அன்றைக்குக் கீழே வைத்த காபி டம்ளரை அவர் அந்த வீட்டில் மறுபடி தொடவே இல்லை.

வருஷங்கள் ஓடி, தம்பி பொண்டாட்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு நண்பகலில், கார் பழக வந்த தையல்காரரை வாசலில் காரோடு நிறுத்திவிட்டு, குழந்தைக்கு வாங்கிய துணிகளைக் கொடுக்க உள்ளே போனாள் பிரேக்கக்கா. கூடம் நிறைய ஆட்கள். குழந்தை மடிவிட்டு மடி போய்க்கொண்டிருந்தது. உள்ளறையில் தாய்க்காரி அந்த வெயிலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். மாடிப்படி ஏறி வந்தவள் போல மூச்சு வாங்கியது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி... பஸ் வந்துடுச்சா?"

எந்த பஸ்ஸும் இல்லை. பிரேக்கக்கா துணிப் பையைக் கட்டில் ஓரத்தில் போட்டாள்.

பிரேக்கக்காவின் அம்மா பின்னாலேயே வந்தாள். "காலையில லேசாக் காய்ச்சல். இப்ப விட்டுடுச்சு. பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இல்லாமலா? ஆளுங்க வந்திருக்கற நேரத்துல நீ ஆர்ப்பாட்டம் பண்ணாதடி."

"வந்தவங்க குழந்தையைப் பாக்கட்டும். நான் குழந்தையோட அம்மாவைப் பாத்துக்கறேன். பிடி, தூக்கு."

கூடத்தில் இருந்த சித்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். கூடத்தின் நடுவே மருமகளைக் கைத்தாங்கலாக நடத்திப் போனபோது அம்மா தலையே நிமிரவில்லை. தையல்காரர் பதறிப்போய், "நான் ஓட்டவா அக்கா?" என்றார்.

"நீங்க இன்னும் ரெண்டாவது கியரைத் தேடிக்கிட்டிருக்கீங்க சார். இறங்குங்க."

ஆஸ்பத்திரி வாசல் மேசையில் நர்ஸ் சூடு பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. உட்காருங்க, கூப்பிடுவாங்க." முன்னால் பெரிய வரிசை.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல. வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"போகமாட்டேன்." குரல் உயர்ந்ததும் காவலாளி ஓடி வந்தார். "கத்தாதீங்கம்மா, இது ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். சினிமான்னா டிக்கெட் வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பேன்." நர்ஸ் பக்கம் திரும்பினாள். "பிரசவம் முடிஞ்சு வீட்டுக்குப் போனவ. நடுங்குறா, மூச்சு வாங்குது, சம்பந்தமில்லாமப் பேசுறா. செப்சிஸ் இல்லைன்னு ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் வரிசையில நிக்கறேன்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

பிரேக்கக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"காலையில ஒண்ணு. அப்புறம்... ஆளுங்க வர்ற நேரத்துல நடுங்கிக்கிட்டுக் கிடந்தா நல்லாவா இருக்கும்னு இன்னொண்ணு."

ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அழுக்குத் துணியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவோமே, அது போல அம்மா மருமகளின் காய்ச்சலை மறைத்திருந்தாள். நர்ஸ் திட்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், மூச்சை எண்ணினாள், ரத்த அழுத்தம் பார்த்தாள்; உள்ளே திரும்பி டாக்டரைக் கூப்பிட்ட குரலில் வரிசையே விலகி வழிவிட்டது. தள்ளுவண்டி வந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஊசி ஏறியது, நரம்பு வழியாக மருந்து இறங்கத் தொடங்கியது.

"மாத்திரை சூட்டைத்தான் இறக்கும்மா, கிருமி உள்ளயேதான் இருக்கும்" என்றாள் நர்ஸ், போகிற போக்கில். "சில பேருக்குச் சூடே ஏறாமலும் வரும். பிள்ளை பெத்தவளுக்கு நடுக்கமோ, மூச்சு வாங்கறதோ, வயித்து வலியோ, ரத்தப்போக்குல கெட்ட நாத்தமோ இருந்தா உடனே வந்துடணும்."

வராந்தாவில் அம்மா உடைந்துபோனாள். "நான் கொன்னுட்டேனாடி?"

"இங்க யாரும் சாகல. அழறதை அப்புறம் வச்சுக்கோ. தம்பிக்குப் போன் போடு."

தீவிர சிகிச்சையில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நாட்களில் பிரேக்கக்கா யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, யாரையும் சொல்லவும் விடவில்லை. பிறகு ஒரு காலையில் மருமகளைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கண் விழித்தவள் குழந்தையைக் கேட்டாள், பஸ்ஸைக் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன தெம்பு திரும்பியது, கூடவே பழைய பயமும். "கேட்டா சாதாரணக் காய்ச்சல்னு சொல்லிடலாம்டி. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டும். அந்த நாலு பேரு வீட்டுலயும் பிள்ளை பெத்தவ இருப்பா. தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னே. சொல்லிச் சொல்லி நீயே நம்பிட்டே. அதனாலதான் இவளுக்கு வந்ததும் உனக்குக் காய்ச்சலாத் தெரிஞ்சுது."

கட்டிலில் இருந்து மெல்லிய குரல் வந்தது. "என்னையும் சேத்துத் திட்டுங்க அண்ணி. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு நானும்தானே சொன்னேன்."

"உன்னைத் திட்ட இன்னும் நிறைய நாள் இருக்கு. முதல்ல கஞ்சியைக் குடி."

பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுக் கிடந்த மகளுக்குத் துணையிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள். "மருமகளுக்கு என்னங்க?"

பிரேக்கக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"செப்சிஸ்ங்க." குரல் கொஞ்சம் கூடிப்போனதில் வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "காய்ச்சலை மாத்திரை கொடுத்து மறைச்சது நான்தான். உங்க பொண்ணுக்கு நடுக்கம் கிடுக்கம் இருக்கா? இருந்தா இப்பவே நர்ஸைக் கூப்பிடுங்க."