பழகிப் பார்க்கப் போட்ட விடுப்பு

மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருடம் நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கியது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, அலுவலகத்துக்கு வேண்டிய ஆப்களைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்றார்கள். பிரிவுக்கு ஒருவர் அதற்கான சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டும். எங்கள் பிரிவில் மேலாளரையும் என்னையும் தவிர மற்றவர்கள் தோப்பு தோப்பாகச் சுற்றுகிறவர்கள். அதனால் அது என் தலையில் விழுந்தது.

பாடம் முழுக்க வீடியோக்கள். வீடியோவில் இடப்பக்கம் இருக்கும் பட்டன் என் திரையில் வலப்பக்கம் இருந்தது. மறுவாரம் எங்கேயுமே இல்லை. 'என்விரான்மென்ட்' என்று அடிக்கடி சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அது மரம், செடி, காற்று. இங்கே அதற்கு என்ன வேலை என்று பிடிபடவில்லை. மாதிரிக் கேள்விகள் இன்னும் மோசம். நான்கு விடைகளும் சரியாகவே தெரியும். மிகப் பொருத்தமானது எது என்பார்கள். சாம்பாருக்கு மிகப் பொருத்தமான காய் எது என்று கேட்டால் என்ன சொல்வது?

செய்து பார்த்தால் புரியும் என்று ஒரு விடுப்பு ஆப் செய்தேன். விண்ணப்பித்தால் மேலாளருக்கு மெயில் போகும். அவர் பட்டனைத் தொட்டால் விடுப்பு பதிவாகிவிடும். சோதிக்க என் பெயரையே போட்டேன். வரும் திங்கள் முதல் வெள்ளி வரை. காரணம், வத்தல்மலை செல்ல. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. இதுவும் வேலை செய்யவில்லை என்று மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை என் இடத்தில் உட்கார்ந்ததும் மேலாளர் வந்தார்.

"ஏம்மா, நீ லீவுதான? மலைக்குப் போகலியா?"

"எந்த மலைக்குங்க சார்?"

கைப்பேசியை நீட்டிக் காட்டினார். என் பெயர் இருந்தது.

"அது சும்மா பழகறதுக்குப் போட்டதுங்க சார்."

"பழகறதுக்குன்னு அதுல போடலியே. நான் அப்ரூவ் பண்ணிட்டனே."

அப்போதுதான் அந்த என்விரான்மென்ட் அரைகுறையாக விளங்கியது. பழகிப் பார்க்க ஓர் இடம், நிஜ வேலைக்கு ஓர் இடம் என்று தனித்தனியே உண்டாம். நான் நிஜ இடத்தில் உட்கார்ந்து பழகியிருக்கிறேன். வருகைப் பதிவு பார்க்கும் பெண்ணிடம் ஓடினேன்.

"கேன்சல் பண்ண அதுல வழியே இல்லீங்கக்கா. யாரு அத செஞ்சாங்களோ அவங்களத்தான் கேக்கணும்."

"நாந்தான் செஞ்சேன்."

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா."

அந்த வழி எனக்கும் தெரியாது என்று திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னேன். "போம்மா, வூட்ல உக்காந்து படி. பரிச்சை வருதில்ல" என்றார். அது கோபமா, இரக்கமா என்று அவர் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் படித்தேன். நல்லம்பள்ளியில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் கணவர், மதியம் சாப்பிட வரும்போது கேள்வி கேட்பார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவரே விடையும் சொல்லுவார்.

"ரெண்டாவது."

"எப்படிங்க சொல்றீங்க?"

"அதுதான் நீளமா இருக்குது."

பல தடவை அது சரியாக இருந்தது. காரணத்தோடு நான் சொன்னவை தவறாக இருந்தன. புரிந்திருந்த கொஞ்சமும் அத்தோடு குழம்பிப் போனது.

தேர்வு சேலத்தில். தொப்பூர் கணவாய் இறங்கும் வரை பஸ்ஸில் கைப்பேசியில் படித்துக்கொண்டே போனேன். தேர்வுத் திரையில் ஒப்புதல் மெயில் பற்றி ஒரு கேள்வி வந்தது. இது நமக்கு நடந்ததாயிற்றே என்று உடனே ஒரு விடையைத் தொட்டேன். மறுபடி படித்தபோது வேறொன்று சரியாகப் பட்டது. மாற்றினேன். பிறகு பழையதற்கே வந்தேன்.

முடித்ததும் மதிப்பெண் வந்தது. பகுதிவாரியாகக் கோடுகள் போட்டிருந்தார்கள். நன்றாகத் தெரியும் என்று நினைத்த பகுதிக்குக் கோடு குட்டையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விடை போட்ட பகுதி நெட்டையாக நின்றது. வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"என்னாச்சு? பாஸா?"

"பாஸ்தான் போலிருக்குங்க."

"போலிருக்குன்னா?"

"பாஸுன்னுதான் போட்டிருக்குது. எப்படின்னுதான் தெரியல."

"சரி, பஸ் ஏறு" என்றார்.