திரும்பிப் போகிற கம்பி

எழுபதுகளின் தொடக்கத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று வருஷமும் திட்டு வாங்கியே கழிந்தது. தறியில் பட்டுச் சேலையின் இடப்பக்கக் கரையும் நடு உடலும் வீட்டுக்காரர் வேலை, வலப்பக்கக் கரை என் வேலை. உடலும் கரையும் சேருகிற இடத்தில் இழை விட்டுப்போனால் முதலாளி சேலையைத் தூக்கிக் காட்டுவார். இவர் என்னைக் காட்டுவார்.

"இவ கண்ணு அவ்ளோதான் முதலாளி."

எந்தப் பக்கத்துக் கரை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையில் எது யார் பக்கம் என்று தெரியாது; தறியில் இருக்கும்போதே பார்க்கலாம் என்றால் வீட்டுக்குள் அத்தனை இருட்டு. தறிக்கு மேல் ஒரு பல்பு தொங்கினால் என் மானம் பிழைக்கும் என்று நானே அலைந்து மனுப் போட்டேன்.

ஒருநாள் லைன்மேன் ஏணியோடு வந்தார். கம்பத்திலிருந்து எங்கள் சுவருக்குக் கம்பி இழுத்தார். இவர் அண்ணாந்து பார்த்தார்.

"கம்பி எதுக்குபா ரெண்டு?"

"ஒண்ணுல கரண்ட் வரும், இன்னொண்ணுல திரும்பிப் போவும்."

போச்சுடா என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் முதலாளி பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார். நெய்தது போக மிச்சத்தை, அறுந்த நூல் உட்பட, நிறுத்துத் திருப்பிவிட வேண்டும். குறைந்தால் திருட்டுப் பட்டம். அந்த விஷயத்தில் இவர் நெருப்பு.

"திரும்பிப் போறது குறைஞ்சா எங்களத்தானே கேப்பாங்க?"

"குறையாது சாமி. வந்தது அப்படியே போயிடும்."

"அப்படியே போயிட்டா பல்பு எதைத் தின்னு எரியுது?"

லைன்மேன் இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "ஆபீஸ்ல கேட்டுக்கினு வரேன்" என்று ஏணியைத் தோளில் ஏற்றினார். விவரம் தெரியாமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று இவரும் வாசலை மறித்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஓடிப்போய் ஏணியின் பின்முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, சாயம் போடறதுக்கு முன்னாடி பட்டு நூலை வேக வெச்சா எடை குறையுது இல்ல? இழை ஒண்ணாவது குறையுதா?"

"இழை எப்படிக் குறையும்? பசைதான் கரைஞ்சு போவும்."

"அதேதான். இழை திரும்பிப் போவுது. பசை நம்ம வீட்ல எரியுது."

இவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு லைன்மேனிடம் பாய்ந்தார்.

"இதை நீ முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்லபா?"

லைன்மேன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்து பல்பு எரிந்தது. லைன்மேன் கிளம்பியதும் தறியில் இருந்த சேலையைப் பார்த்தேன். என் பக்கத்தில் ஓர் இழை விடவில்லை. இவர் பக்கத்தில் எலி கடித்த மாதிரி சாணுக்கு ஓர் ஓட்டை. இவரும் பார்த்தார். அப்புறம் தெருவில் இறங்கி ஓடினார்.

"ஏன்பா, நில்லுபா! இதைக் கொஞ்சம் மங்கலா எரிய வெக்க முடியுமா?"

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதெல்லாம் முடியாது லைன்மேன் அண்ணா, நீங்க போங்க!" என்று உள்ளேயிருந்து தெருவே கேட்கக் கத்தினேன்.