பேஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம்

என் கணவர் பெரிய கலைஞர் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் அதன் கீழே வந்து உருகி உருகி எழுதுகிறார்கள். டபுள் பேஸை இந்த நாட்டில் இப்படி யாரும் வாசித்ததில்லை என்று ஒருவர். இவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று இன்னொருவர். இருக்கிறார். குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

டபுள் பேஸ் என்பது ஆளை விட உயரமான, வயலின் போன்ற வாத்தியம். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்த மாதிரி வைத்து வாசிக்க வேண்டும். ஜாஸ் இசையில் பெரும்பாலும் வில் கிடையாது, விரலால்தான் தந்தியைச் சுண்டுவார்கள். கூட வாசிக்கிறவர்கள் அத்தனை பேரையும் தாங்குவது அதுதான். ஆனால் தனியாக அது யார் காதிலும் விழாது, நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். இதெல்லாம் கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொன்னது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. நான் கணக்கு டீச்சர். சபைப் பாடகர் குழுவில் என்னை ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், நான் வாயை மட்டும் அசைப்பேன்.

அவருக்கு இசை வந்ததும் சபையிலிருந்துதான். எங்கள் பக்கத்து ஆலயங்களில் நான்கு குரலில் பாடுவது வழக்கம். குரல் உடைந்த பையன்களைப் பின்வரிசையில் பேஸ் என்கிற அடிக்குரல் பாட அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களெல்லாம் மேல் குரலுக்கு ஏங்கிக்கொண்டு நிற்கும்போது, இவர் அந்தக் கீழ் வரிசையிலேயே சந்தோஷமாக இருந்திருக்கிறார். பிறகு கல்ஃபில் இருந்த மாமா ஒரு பேஸ் கிடார் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் டபுள் பேஸைத் தொட்டவர், அதற்குப் பிறகு வேறெதையும் தொடவில்லை. ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தார், வெளிநாட்டுக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனார். நடுவில் சில மாதங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். அதைப் பெண் கேட்டு வந்தவர்கள் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஃபாரின் போகிறவர் என்றதுமே என் வீட்டாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வருஷம் ஒரு நல்ல நாளில் அவர் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே நின்றவர்களையெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவிட்டார். கச்சேரி இருக்கிறது, வாருங்கள் என்றிருக்கிறார். எல்லாரும் வரவில்லை, நல்ல காலம். இரண்டு கண்டக்டர்களும், வாழைக்குலை வியாபாரி ஒருவரும், தக்கலைக்குப் போகவேண்டிய ஒரு அம்மாவும் வந்தார்கள். நான் மரச்சீனிக் கிழங்கு அவித்து, இருந்த மீன்கறியில் தண்ணீரைக் கூட்டி எல்லாருக்கும் விளம்பினேன். அவர் வாசித்தார். அப்படி ஒரு வேகத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வாழைக்குலை வியாபாரி ஏதாவது சினிமாப் பாட்டு வருமா என்று பணிவாகக் கேட்டார். நான் சிரித்தேன். இவ்வளவு கலகலப்பான மனுஷன் எனக்குக் கிடைத்தாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அவர் பல நாட்களாகத் தூங்கியிருக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. மாதம் முடிவதற்குள் பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது, முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மனசு தாறுமாறாக ஏறும், பிறகு அதே அளவுக்கு இறங்கும், கடைசிவரை மாத்திரை வேண்டும் என்றார் அவர். என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னார். ஏறப்போகிறது என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் உண்டாம். அதைக் கூட இருக்கிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

நான் கண்டுபிடித்தேன். அவர் நன்றாக இருக்கும் காலத்தில் வெளியூரில் வாசிப்பதோடு சரி. வீட்டுக்கு வந்தால் வாத்தியத்தை மூலையில் சாய்த்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவார். வீட்டில் அந்தத் தந்தி பேசத் தொடங்கினால் இரண்டொரு வாரத்தில் அடுத்த ஏற்றம் வந்துவிடும். அதனால் சமையலறையில் நிற்கும்போது பக்கத்து அறையிலிருந்து பேஸ் சத்தம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவருகில் நிற்பேன். கண் மினுங்குகிறதா, பக்கத்தில் வைத்த காப்பி ஆறிக் கிடக்கிறதா, வாசிப்பில் வேகம் கூடுகிறதா என்று பார்ப்பேன். உலகத்தில் அவர் வாசிப்பை என்னளவுக்குக் கவனித்துக் கேட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. பாட்டுக்காக ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரிதான் கேட்டேன்.

ஒருமுறை வெளிநாட்டில் கச்சேரிகளுக்கு நடுவிலேயே ஏறிவிட்டது. துணைக்கு ஆள் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு யாரும் அழைக்கவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார், அது அவரைப் பிடித்து நிறுத்தியது. கைவிரல்களில் லேசாக ஒரு நடுக்கத்தையும் கொடுத்தது. ஆரம்பத்தில் எப்போதாவது வாத்தியத்தை எடுப்பார். நான் போய் நிற்பேன். சிறிது நேரத்தில் வைத்துவிடுவார். பிறகு எடுப்பதே இல்லை. நான் அதன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினேன்.

எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக் கர்த்தர் பூரண சுகம் தந்திருக்கிறார், இப்போது அந்த வாத்தியத்தைத் தொடுவதுகூட இல்லை என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தேன். ஜெபக்கூட்டத்தில் அவர் ஆண்கள் பக்கத்தில், பாயின் ஓரத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவுக்காரர்கள் முதலில் வந்துகொண்டிருந்தார்கள், பிறகு கேட்டுக்கு வெளியே நின்றே ‘அண்ணன் எப்படி இருக்காரு’ என்று விசாரித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். அவர் காலையில் ரப்பர் பால் வெட்ட வருகிறவரோடு மரம் மரமாக நடப்பார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வருவேன். தேவையானதைப் பேசுவோம். மிச்சத்தை டிவி பேசும். சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு. சில நாள் வேண்டுமென்றே கறியில் உப்பைக் குறைத்துப் பார்த்திருக்கிறேன், மனுஷன் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே. நோயை அவரும் தனிமையை நானும் பங்கு பிரித்துக்கொண்டதாகத்தான் அப்போதெல்லாம் நினைப்பு.

போன மழைக்காலம் முடிந்த சமயம் கொச்சியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். இருவரும் ஜாஸ் வாசிக்கிறவர்கள். அவருக்கு மரியாதை செய்ய அங்கே ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போவதாகவும், அதில் காட்ட அவரைப் படம் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவரை ஏதோ செத்துப்போனவரைப் போலப் பேசினார்கள். அவர் விட்டுச் சென்றது, அவர் காட்டிய வழி, இப்படி. அவர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து ஆமா, இல்லை என்று பதில் சொன்னார். கொஞ்சம் வாசிக்க முடியுமா என்று கேட்டபோது, இரண்டு கைகளையும் நீட்டி நடுக்கத்தைக் காட்டினார். ஒரு பையனுடைய கண் மேசையில் இருந்த மாத்திரை டப்பாவுக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்தது.

பிறகு கேமராவை என் பக்கம் திருப்பி, அந்த நோய் இல்லாமல் இருந்தால் இப்படிப்பட்ட இசை அவருக்கு வந்திருக்குமா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. சுவரைப் பார்த்துப் படுத்த மனுஷனுக்குக் கஞ்சி ஊட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

“மக்கா, அது ஒண்ணும் கொண்டுவந்து தரல்ல. எடுத்துட்டுதான் போச்சு. அது எடுத்துட்டுப் போன பாட்டுக்கு எங்கயும் ரிக்கார்டு இல்ல,” என்றேன்.

கொச்சிக்கு நாங்கள் போகவில்லை. அவ்வளவு தூரம் வண்டியில் இருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். நிகழ்ச்சியின் காணொளியை அனுப்பினார்கள். அதில் நான் சொன்னது இல்லை. கூடவே அவருடைய பழைய பதிவுகள் இருக்கும் இணைய முகவரியையும் அனுப்பியிருந்தார்கள். போனில் போட்டால் பேஸ் கேட்கவே இல்லை. அதனால் பள்ளிக்கூடத்தில், இயற்பியல் டீச்சரின் இயர்போனை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து கேட்டேன்.

எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பதிவைத்தான் முதலில் போட்டேன். பாதியிலேயே, வாசிக்கிறவர் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு பார்த்தால், அவரைத் திருப்பி அனுப்பிய அதே பயணத்தில் எடுத்த பதிவு அது. நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

இன்னொரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேறொன்றைக் கேட்டேன். அதை அதிகம் பேர் கேட்டிருக்கவில்லை, கீழே யாரும் எதுவும் எழுதவுமில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வெகுநாள் முன்பு வாசித்தது. ஒரு ஆள் பஸ்ஸை விட்டு இறங்கி, வேலை முடிந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்துவருகிற மாதிரி ஒரு நடை. ஓட்டமும் இல்லை, சோர்வும் இல்லை. நடுநடுவே ஒரு குறும்பு. அந்த மனுஷன் சுகமாக இருந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், நன்றாக இருக்கும்போது அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன். சைனஸ் தொந்தரவு என்று இயற்பியல் டீச்சரிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபின், அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டி, இதை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கை நடுங்குகிறதே என்றார். நடுங்கினால் நடுங்கட்டும் என்றேன். பிறகு அவராகவே சொன்னார்.

“கையினால நான் நிறுத்தல்ல. நான் அதத் தொட்டா நீ வந்து கதவப் பிடிச்சு வாதில்ல நிப்ப. எனக்க பாட்டக் கேக்கதான் நீ வாறன்னு முதல்ல சந்தோசமாட்டு இருந்துது. பொறவுதான் உனக்க மொகத்தப் பாத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. நான் நிற்காவிட்டால் வேறு யார் நின்றிருப்பார்கள்? அந்தப் பையன்களா? இணையத்தில் உருகுகிறவர்களா? அதற்குப் பின்னாலேயே துக்கமும் வந்தது. பாயின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மனுஷன் என் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பங்கு பிரித்தபோது அவருக்கு நோய், தனிமை இரண்டையும் கொடுத்திருக்கிறேன்.

“இண்ணைக்கு உங்களுக்கு எனக்க மொகம் தெரியாது. வாசியுங்க,” என்று சொல்லி, ஒரு நாற்காலியை அந்த அறைக்குள் இழுத்துப்போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

தந்திகள் தளர்ந்து கிடந்தன. சுருதி சேர்க்கவே நேரம் பிடித்தது. பிறகு ஆரம்பித்தார். அங்கங்கே விரல் தடுக்கியது. ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு அதே பாட்டு அடையாளம் தெரிந்தது. இன்றைக்குப் பாட்டை மட்டும் கேட்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காது என் சொல்லைக் கேட்கவில்லை. பழகிய வேலைக்கே போனது. வேகம் கூடுகிறதா? இல்லை. இப்போது? இல்லை. அப்பாடா என்று தோளைத் தளர்த்தினேன்.

அப்போதுதான் விளங்கியது. பதிவில் கேட்டதை விட இது மிகவும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கத்தால் அல்ல. தடுக்காத இடங்களில் விரல் தானாக முன்னே போகப் பார்த்தது, அவர் ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் பயந்துவிடக் கூடாது என்று என் காதுக்கு ஏற்ற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு என் முகம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கொஞ்சம் வேகமாக வாசியுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.